ஞாயிறு நாலு மணி பாக்சிங்

இப்போதெல்லாம் அமெரிக்காவில் ஒருத்தன் குத்து வாங்கி விழுந்தால், அவன் முதுகு தரையில் படும் முன்னே இங்கே போனில் வந்துவிடுகிறது. ஜஸ்டசுக்கு அதில் அப்படியொரு எரிச்சல். "சவத்த, இதுல என்னத்த பாக்க" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அவர் கணக்கில் பாக்சிங் என்றால் காத்திருக்க வேண்டும். காலையிலேயே முடிந்துபோன சண்டையை, ஜெயித்தது யார் என்று தெரியாமல், சாயங்காலம் நாலு மணி வரை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். நாலு மணிக்குப் பக்கத்தில் சுலைமான் இருக்க வேண்டும். அப்படியொரு காலம் இருந்தது. அதை நினைத்தால் ஜஸ்டசுக்கு இன்றைக்கும் நெஞ்சு கனத்துப் போகும், கூடவே சிரிப்பும் வரும்.

ரெண்டு பேரும் சவூதியில், தம்மாமில் ஒரே கம்பெனியில், ஒரே ரூமில், அடுக்குக் கட்டிலில் மேலும் கீழுமாகக் கிடந்தவர்கள். ஜஸ்டஸ் எஞ்சின் மெக்கானிக், இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே கடற்கரைக்காரர். சுலைமான் ஸ்டோர் கீப்பர், கோட்டாற்றுக்காரர். அந்த ரூமுக்குள் பாக்சிங்கைக் கொண்டுவந்தது ஒரு பிலிப்பைன்ஸ் ஃபோர்மேன். வெள்ளிக்கிழமை லீவு நாளில் பழைய வீடியோ டெக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கேசட் போடுவான். ஒரே சண்டையைக் கேசட் தேயும்வரை பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது ஆளுக்கு ரெண்டு பெட்டி சாமானோடு இந்தக் கிறுக்கையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஜஸ்டஸ் கரையில் வள்ளங்களுக்கு எஞ்சின் பார்த்தார். சுலைமான் கோட்டாறு சந்தைப் பக்கம் கருவாட்டுக் கடை போட்டார்.

சுனாமி ஜஸ்டஸ் வீட்டு டிவியைக் கொண்டுபோயிற்று. உயிர் மிஞ்சியதே பெரிசு என்று இருந்த நேரம், டிவியை யார் நினைத்தார்கள். ஒரு நாள் சுலைமான் ஆட்டோவில் வந்து இறங்கினார், மடியில் பெட்ஷீட்டில் பொதிந்து தன் வீட்டு டிவி. "பழசு ஓய். வீட்ல கெடந்து எடத்த அடைக்குது" என்றார். பழசு ஒன்றும் இல்லை. சுலைமான் வீட்டில் அடுத்த டிவி வந்தது ரொம்ப நாள் கழித்துத்தான். அது ஜஸ்டசுக்குத் தெரியும். தெரிந்தும் ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அந்த டிவியில்தான் தொம்மை வந்தான். தோமாஸ் லக்சமானா என்பது முழுப்பெயர். பிலிப்பைன்சில் ஏதோ ஒரு தீவில் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. ஆள் குட்டை, மெலிவு. ஆனால் இடது கையை வீசினானென்றால் எதிரே நிற்கிறவன் எத்தனை பெரிய கொம்பனானாலும் ஆடிப்போவான். மணி அடிக்கும் முன்னால் மூலையில் முழங்கால் போட்டு ஒரு சிலுவை போடுவான். அதைப் பார்த்த அன்றே கரை முழுக்க அவனைத் தத்தெடுத்துக்கொண்டது. தோமாஸ் தொம்மையானான். "நம்ம தொம்மைக்கு எப்போ அடி?" என்று வலை பின்னுகிறவர்கள்கூட கேட்பார்கள். சுலைமானுக்கோ வேறொரு காரணம். "நம்ம ஃபோர்மேன் சிரிக்க மாரியே சிரிக்கான் ஓய்" என்பார்.

ஒரே ஒரு வில்லங்கம். அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற சண்டை நமக்கு ஞாயிறு காலை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு ரெண்டாம் பூசை. ரெண்டாம் பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறது ஜஸ்டஸ். வேறு ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது. தெரிந்தாலும் ஜஸ்டஸ் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார், அது வேறு விஷயம். பாக்சிங் உள்ள ஞாயிறுகளில், யாராவது முடிவைச் சொல்லும் முன்னே வீடு சேர வேண்டுமே என்று பாட்டெல்லாம் ஓட்டமாக ஓடும். சாமியார் அப்பம் கொடுக்கும்போது பாடும் நன்மைப் பாட்டுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே வருவார்கள் பாடகர் குழுப் பெண்கள். பங்குச்சாமியார் ஒரு நாள் கேட்டே விட்டார், "ஜஸ்டஸ், இன்னைக்குத் தொம்மையா?" என்று.

சேனலில் மறுஒளிபரப்பு நாலு மணிக்கு. அதுவரை முடிவு காதில் விழக்கூடாது. பூசை முடிந்து ஜஸ்டஸ் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு வீட்டுக்கு நடக்கிற அழகைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். கேபிள்காரன் பிரைட்டன் பூசைக்கு வராமல் நேரலை பார்க்கிறவன். "அண்ணே, ஒரே ஒரு வார்த்த சொல்லட்டா?" என்று பின்னாலேயே வருவான். குழாயடியில் நிற்கும் பெண்கள்தான் அவனை அடக்குவார்கள். "ஏலே, வாயப் பொத்து, பாவம் அந்த மனுசன்." அத்தனை பேருக்கும் முடிவு தெரியும், அத்தனை பேரும் ஜஸ்டசுக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். ஊரில் வேறு எந்த ரகசியமும் அரை நாள் தாங்கியதில்லை.

மூன்றரை மணி பஸ்ஸில் சுலைமான் வருவார், கையில் சூடாறாத ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலம். ஜஸ்டஸ் வாசலிலேயே நிறுத்தி முகத்தைப் பார்ப்பார். சுலைமானுக்கு ஞாயிறு காலையில் பூசையா பாட்டா? வீட்டில் அதற்குள் அடுத்த டிவியும் வந்துவிட்டது, கடைக்கு லீவு, காலையிலேயே பார்த்திருப்பார் என்பது ஜஸ்டசின் முடிவு. முதல் தடவை கேட்டபோது சுலைமான் உதட்டில் விரலை வைத்து, "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று சிரித்தார். அவ்வளவுதான், அன்று முதல் அது ஒரு விளையாட்டாகிப் போனது. சுலைமான் சிப்சை ஒவ்வொன்றாகக் கடித்தால் தொம்மை தோற்றான், அள்ளிப் போட்டால் ஜெயித்தான். காலை ஆட்டினால் நாக்-அவுட். இப்படி ஜஸ்டஸ் ஒரு பெரிய சாஸ்திரமே உண்டாக்கி வைத்திருந்தார். பாதி நாள் பலிக்கும், பாதி நாள் பலிக்காது. பலிக்காத நாளில், "பலே கள்ளன்வே நீரு, முகத்துல ஒண்ணும் காட்ட மாட்டேங்கீரு" என்று மெச்சிக்கொள்வார்.

ஜஸ்டசின் மனைவி விக்டோரியா கருப்பட்டிக் காப்பியை வைத்துவிட்டு, "ரெண்டு கெழவனும் சின்னப் பிள்ளைகளாக்கும்" என்று போவாள்.

ரெண்டாயிரத்து எட்டில் ஒரு ஞாயிறு. தொம்மையும் ஒரு மெக்சிகோக்காரனும் மறுபடி மோதுகிற நாள். முதல் தடவை மோதியதில் தொம்மை பாயிண்டில் தோற்றிருந்தான். அது களவு, நடுவர்கள் கண்ணை விற்றுவிட்டார்கள் என்று ஜஸ்டசும் சுலைமானும் வருஷம் பூரா பொருமியிருந்தார்கள். அன்றைக்குப் பூசையில் ஜஸ்டஸ் வாசித்த வேகத்தில் பங்குச்சாமியாரே ஒரு ஜெபத்தை விழுங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் வைத்தால், கை போகவில்லை. மனசு கிடந்து தவிக்கிற வெப்ராளம். தின்றும் தின்னாமலும் எழுந்து கடியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுலைமான் வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டார். கையில் சிப்ஸ் இல்லை. கண் சிவந்து இமை வீங்கியிருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"ஜஸ்டஸ், ஒரு காரியம் சொல்லணும் ஓய்" என்று ஆரம்பித்தார்.

ஜஸ்டஸ் விட்டால்தானே. "ஒண்ணும் சொல்லாதேயும்" என்று கையை நீட்டித் தடுத்தார். "நாலு மணி வரைக்கும் வாயத் தொறக்கப்பிடாது. இரியும் அங்க."

சுலைமான் ஏதோ சொல்ல வந்து, பிறகு உட்கார்ந்துவிட்டார். காப்பி ஆறி ஆடை கட்டியது, அவர் தொடவில்லை. ஜஸ்டஸ் ஓரக்கண்ணால் பார்க்கப் பார்க்க உள்ளுக்குள் இடிந்துகொண்டிருந்தார். இது தோல்வியேதான். வெறும் தோல்வியாகவும் இருக்காது, தொம்மைக்கு ஏதோ ஆகிவிட்டது, ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோயிருப்பார்கள் என்று அவர் மனசு எங்கெங்கோ போனது.

நாலு மணி. தொம்மை மூலையில் முழங்கால் போட்டு சிலுவை போட்டான். அதைப் பார்த்ததும் சுலைமான் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

ஜஸ்டஸ் எழுந்து டிவியை அணைத்துவிட்டார்.

"ஒரு வருசமா காத்துக் கெடந்தேன்வே. ஒரு நேரம் மொகத்த மூடி வைக்க ஒம்மால முடியாதா? செத்த வீட்டுக்கு வந்த மாரி வந்து இருந்துக்கிட்டு, எல்லாத்தையும் மோறையிலயே கொட்டிட்டீரே. இதுக்கு நீரு வராமலே இருந்திருக்கலாம். இனி இந்தப் படி ஏறாதேயும்."

கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் வந்துவிட்டது. அதுவும் யார் கொண்டுவந்த டிவி முன்னால் நின்று சொல்கிறோம் என்றுகூட அந்த நேரம் அவருக்கு உறைக்கவில்லை. சுலைமான் அணைந்த டிவியைப் பார்த்தார். பிறகு, "செரி ஓய்" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

விக்டோரியா அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். "அது பாக்சிங்குக்கு உள்ள மொகம் இல்ல, பாத்துக்கிடுங்க. அந்த மனுசனுக்கு வேற என்னமோ இருக்கு. பின்னால போயி விளிங்க" என்றாள். ஜஸ்டஸ் போகவில்லை.

பொழுது இறங்கும் நேரம் பிரைட்டன் வந்தான். வாய் நிறையச் சிரிப்பு. "என்னண்ணே, ஒரு சத்தத்தையும் காணல? இவ்ளவு நேரம் ஒங்களுக்காவ ஊரே வாயக் கட்டிக்கிட்டு கெடந்தோம். எட்டாவது ரவுண்டுல படுக்க வச்சுட்டான்லா நம்ம தொம்மை."

தொம்மை ஜெயித்திருக்கிறான். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஜஸ்டசுக்கு இன்னும் பெரிய கோபம்தான் வந்தது. அப்படியானால் சுலைமான் வேண்டுமென்றே நடித்திருக்கிறார். அழுகிற முகத்தை வைத்துக்கொண்டு என்னை முட்டாளாக்கிவிட்டார், சண்டையைப் பார்க்க விடாமல் பண்ணிவிட்டார், இப்போது கோட்டாற்றில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். இப்படி நினைக்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு வீம்பு வேண்டும். ஜஸ்டசிடம் அது எப்போதும் தாராளமாகவே இருந்தது. போன் பண்ணவில்லை. அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு, நாலு மணிக்கு டிவியில் என்னென்னமோ ஓடியது. அவர் எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இருந்தார். யாராவது பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் மட்டும் தலை தானாக நிமிர்ந்தது.

ஒரு நாள் விக்டோரியா கோட்டாறு சந்தைக்குப் போய்விட்டு வெறும் பையோடு திரும்பினாள். வந்தவள் சேலைகூட மாற்றாமல் ஜஸ்டஸ் முன்னால் வந்து நின்றாள்.

"கருவாட்டுக் கட பூட்டிக் கெடக்கு. அடுத்த கடையில கேட்டேன். ஜைனம்புக்குக் கேன்சராம். திருவனந்தரம் ஆஸ்பத்திரில காட்டுதாவளாம். டாக்டர் சொன்னது எப்பம் தெரியுமா? நீங்க அந்த மனுசன படி ஏறாதேன்னு சொன்னதுக்கு மொதநாளு."

ஜைனம்பு சுலைமானின் மனைவி. தம்மாமிலிருந்து சுலைமான் லீவுக்கு வரும்போதெல்லாம் ஜஸ்டசுக்கும் சேர்த்து மீன் ஊறுகாய் போட்டுக் கொடுத்துவிட்டவள். ஒரு காரியம் சொல்லணும் ஓய் என்று சுலைமான் ஆரம்பித்தது இப்போது காதில் கேட்டது. உலகத்தில் அதைச் சொல்ல அவருக்கு இருந்தது ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் நின்றுகொண்டு நான் அவன் முகத்தில் பாக்சிங் தேடினேனே என்று நினைத்ததும் ஜஸ்டஸ் குத்தவைத்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். விக்டோரியா தடுக்கவில்லை. "அழுது முடிச்சிட்டு எந்திரிங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சண்டையைப் பிரைட்டன் சிடியில் பிடித்து வைத்திருந்தான். ஜஸ்டஸ் போய்க் கேட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புருஷனும் பெண்சாதியும் கோட்டாற்றுக்கு பஸ் ஏறினார்கள். விக்டோரியா மடியில் வெளமீன் கறி வைத்த தூக்குவாளி. என்ன சொல்ல வேண்டும், எப்படி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி முழுக்க ஜஸ்டஸ் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். கதவைத் திறந்தது சுலைமான். தாடி வளர்ந்திருந்தது. அதைக் கண்டதும் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"நான் ஒரு மடையன் ஓய்" என்றார் ஜஸ்டஸ்.

"அது தம்மாம்லயே எனக்குத் தெரியும். உள்ள வாரும்" என்றார் சுலைமான்.

முன்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தாள் ஜைனம்பு. பாதி ஆளாகிவிட்டிருந்தாள், குரல் மட்டும் பழைய குரல். "வாருங்கோ அண்ணே. வா மதினி. மீன் கறி மணம் வாசல்லயே வந்துட்டு" என்றாள். விக்டோரியா கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜஸ்டஸ் தயங்கித் தயங்கிச் சிடியை எடுத்தார். "நோயாளி இருக்க எடத்துல பாக்சிங் போடச் சொல்லுகேன்னு நெனைக்காதேயும். அன்னைக்கு நான் அணைச்சுட்டேன்லா. முழுசா நாம சேர்ந்து பாக்கல. நீரு காலையிலயே பாத்தீரு, இருந்தாலும்..."

சுலைமான் ஜைனம்புவைப் பார்த்தார். ஜைனம்பு சிரித்தாள். "போடுங்கோ அண்ணே. எனக்கும் சொவரப் பாத்துப் பாத்து மடுத்துப் போச்சு" என்றாள். மகள் ஜஸ்னாவைக் கூப்பிட்டு சிப்ஸ் வாங்கிவரச் சொன்னாள்.

சண்டை ஓடியது. ஜஸ்டசுக்கு முடிவு தெரியும், சுலைமானுக்கும் தெரியும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் மூன்றாவது ரவுண்டில் தொம்மை ஒரு குத்து வாங்கித் தடுமாறியபோது சுலைமான் நாற்காலியின் கையைப் பிடித்த பிடியைப் பார்த்தார். ஆறாவது ரவுண்டில் தொம்மையின் புருவம் கிழிந்து ரத்தம் வந்தபோது "யா அல்லா" என்று சுலைமான் பாதி எழுந்துவிட்டார். தெரிந்த சண்டையைப் பார்க்கிறவன் இப்படியா எழுவான்.

இடைவேளை மணி அடித்தது. தொம்மையை ஸ்டூலில் உட்கார்த்தி ரத்தத்தைத் துடைத்தார்கள்.

"என்ன ஓய், பாத்ததுதானே?" என்றார் ஜஸ்டஸ்.

சுலைமான் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜைனம்புதான் சொன்னாள். "எங்க பாத்தாவ? ஒரு நாளும் இவ்வொ காலையில பாத்ததே கெடையாது அண்ணே. பாக்சிங் உள்ள ஞாயித்துக்கெழம டிவிய ஒருத்தரும் தொடப்பிடாது. ஜஸ்டசுக்கூட பாத்தாத்தான் பாத்தமாதிரின்னு சொல்லுவாவ. நீங்க மொகத்தப் பாத்து குறி சொல்லுவியளாம்லா, அந்த ரசத்தக் கெடுக்க மனசில்லாம ஒங்ககிட்ட சொல்லல. இந்தச் சண்டையே இன்னும் தெரியாது இவ்வொளுக்கு. ஆஸ்பத்திரில அடுத்த பெட்டுக்காரன் பேப்பர விரிச்சு சத்தமா வாசிக்கத் தொடங்கினான், இவ்வொ எந்திரிச்சு வராந்தாவுக்குப் போயிட்டாவ. நான் அங்க ஊசி போட்டுக் கெடக்கேன். பொறவு கேட்டா, ஜஸ்டஸ் வருவான், அப்பம் பாக்கணும்னு சொன்னாவ."

ஜஸ்டஸ் டிவியைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கலங்கலாக இருந்தது. இத்தனை வருஷம் சாஸ்திரம் வைத்துப் படித்த முகத்தில் ஒரு எழுத்துகூட தனக்குப் புரிந்திருக்கவில்லை. படி ஏறாதே என்று துரத்திய பிறகும் ஜஸ்டஸ் வருவான் என்று இந்த மனுஷன் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்திருக்கிறான். இப்போது அந்த அறையில் முடிவு தெரிந்த ஆள் தான் ஒருத்தன்தான் என்பது அவருக்கு உறைத்தது. முகத்தை மூடி வைக்க வேண்டும். மூடி வைக்கிறது எவ்வளவு கஷ்டம் என்று முதல் தடவையாகத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். கண்ணீர் அவர் பேச்சைக் கேட்கிறதாக இல்லை, அது பாட்டுக்கு இறங்கியது.

ஏழாவது ரவுண்டு முடிந்தது. எட்டாவது மணி அடித்தது. தொம்மை ஸ்டூலை விட்டு எழுந்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டு நடுவுக்கு வந்தான்.

அந்த நேரம் சுலைமான் திரும்பி ஜஸ்டசைப் பார்த்தார். கன்னம் நனைந்திருப்பதைக் கண்டதும் அவர் முகம் விழுந்துபோயிற்று.

"என்ன ஓய்" என்றார், குரலைத் தாழ்த்தி. "தோத்துட்டானா?"

ஜஸ்டஸ் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்தார். உதட்டில் விரலை வைத்தார்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார்.

சுலைமான் சிப்ஸ் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, நாற்காலியை டிவிக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.